திரும்பி வரும் வகுப்பு

வெளிநாட்டில் இன்டர்நேஷனல் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய டீச்சர் என்று தெரிந்ததும் சேலத்தில் எல்லோரும் என்னிடம் கேட்பது சம்பளத்தைத்தான். கொஞ்சம் சுற்றி வளைப்பார்கள். "அங்கெல்லாம் செலவு ஜாஸ்தியாங்க?" என்று ஆரம்பித்து, "கையில என்ன நின்னுச்சு?" என்பதில் வந்து சேர்வார்கள். சொல்லிவிடுவேன், அதில் ஒன்றும் ரகசியம் இல்லை. ஆனால் கேட்பவர் குடும்பத்தோடு கிளம்ப நினைக்கும் ஆசிரியராக இருந்தால், பதிலுக்கு நானும் ஒரு கேள்வி கேட்பேன். உங்க பிள்ளை எந்த வகுப்பில் திரும்பி வரும்?

பெரும்பாலும் முழிப்பார்கள். போகவே விசா வரவில்லை, அதற்குள் திரும்பி வருவதைப் பற்றி என்ன பேச்சு என்பார்கள். என்னைக் கேட்டால், அதை முடிவுபண்ணாமல் மற்ற எதையும் முடிவுபண்ண முடியாது. எந்த நாடு, எந்தப் பாடத்திட்டம், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ வேலையை விடுவதா, லீவு போடுவதா, எல்லாமே அதில்தான் தொங்குகின்றன.

நான் கணக்கு டீச்சர். பெரியார் பல்கலைக்கழகப் பட்டம், பிறகு பி.எட். ஏற்காட்டில் ஒரு ரெசிடென்ஷியல் பள்ளியில் வேலை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து மலையில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: சம்பளச் சீட்டில் இருப்பது முழுச் சம்பளம் இல்லை. குவார்ட்டர்ஸ், மெஸ் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைக்கு ஒரு சீட், இதெல்லாம் சேர்ந்ததுதான் சம்பளம். கீழே சேலத்தில் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று கூப்பிட்டும் இறங்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். பிள்ளை பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். வெளிநாட்டு இன்டர்நேஷனல் பள்ளியும் இதே ஏற்பாடுதான், அளவுதான் பெரிது. அங்கே ஒரு பிள்ளையின் ஆண்டுக் கட்டணத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டு பிள்ளைகளுக்கும் அது இலவசம் என்றால், சம்பளத்தைவிடப் பெரிய தொகை அதுவாகவே இருக்கலாம். அந்தத் தொகை உங்கள் கையில் வராது. ஊருக்குக் கொண்டுவரவும் முடியாது.

கடல் தாண்டிப் போய்ப் பாடம் நடத்துவது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் புதிது இல்லை. எதிர்ப்பக்கமாக நடந்தது, அவ்வளவுதான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் வந்தன, துரைமார் வந்தார்கள், குளிர் வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்தது, பள்ளிகளும் வந்தன. 1917-இல் ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கிய கத்தோலிக்கச் சகோதரர்களின் சபை பிரான்சில் பிறந்தது. அந்தச் சகோதரர்கள் துறவிகள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். குடும்பத்துக்கு டிபென்டன்ட் விசா எடுக்க வேண்டாம், பிள்ளைக்குச் சீட் கேட்க வேண்டாம், மாமியார் என்ன சொல்வார் என்ற யோசனை கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினால் போதும்.

எங்கள் பள்ளியில் கேம்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் பாடத்திட்டப் பிரிவு தொடங்கியபோது, அதில் நம் பத்தாம் வகுப்பு மாதிரியான ஐஜிசிஎஸ்இ-யின் கணக்கை என்னிடம் கொடுத்தார்கள். அதுதான் வழியைத் திறந்தது. கேம்பிரிட்ஜ், ஐபி என்ற இன்னொரு சர்வதேசப் பாடத்திட்டம், இந்த இரண்டில் ஒன்றை நடத்திய அனுபவம் இல்லாமல் விண்ணப்பம் போட்டால் பெரும்பாலும் பதிலே வராது. ஆள் எடுக்கும் பருவம் ஒன்றும் உண்டு. பள்ளிகள் ஆகஸ்டில் தொடங்கும். அடுத்த ஆண்டு யார் இருப்பார்கள், யார் போகிறார்கள் என்று அக்டோபர், நவம்பரிலேயே கேட்டுவிடுவார்கள். காலியிடங்கள் அப்போதிருந்து வெளிவரும். ஜனவரியில் பாங்காக், துபாய், லண்டனில் ஆசிரியர் சந்தை மாதிரி நடக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு வீடியோ நேர்காணல்தான் கட்டுப்படியாகும். நம் ஊரில் முழுப்பரீட்சை முடிந்தபிறகு, மே மாதம் வேலை தேடும் பழக்கத்தோடு தேடினால் எல்லாம் முடிந்து போயிருக்கும்.

இரண்டு விஷயங்கள் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒன்று, பாஸ்போர்ட். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே அனுபவம் என்றாலும் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதைப் பார்த்துச் சம்பளத்தை நிர்ணயிக்கும் இடங்கள் இருக்கின்றன. என்னிடம் ஒரு பள்ளி நேர்காணலெல்லாம் முடித்துவிட்டு, "உங்களை உள்ளூர் நியமனமாக எடுத்துக்கொள்கிறோம்" என்றது. உள்ளூர் நியமனம் என்றால் வீடு கிடையாது, விமான டிக்கெட் கிடையாது, பிள்ளைக் கட்டணத்தில் சலுகை பாதியோ அதற்கும் குறைவோ. சேலத்தில் உட்கார்ந்திருக்கும் நான் அவர்களுக்கு எப்படி உள்ளூர் ஆனேன் என்று கேட்டேன். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. இன்னொன்று, பள்ளிகளுக்கு மிகவும் பிடித்தது ஆசிரியத் தம்பதி. ஒரு வீடு கொடுத்தால் இரண்டு ஆசிரியர்கள் கிடைப்பார்கள். ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள் என்ற எங்கள் வகைதான் அவர்கள் கணக்கில் அதிகச் செலவு. கடைசியில் பாங்காக்கில் ஒரு பள்ளி அந்தக் கணக்கைப் போட்ட பிறகும் சரி என்றது.

அப்புறம் தொடங்கியது காகித வேலை. பட்டச் சான்றிதழுக்கு உண்மைத்தன்மைச் சான்று வாங்கி, மாநில அரசு முத்திரை, வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, கடைசியில் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டும். ஒரு நாட்டுச் சான்றிதழை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-லேயே சேர்ந்துவிட்டது. அதில் இருக்கும் நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தோடு வேலை முடியும். நாங்கள் போனபோது தாய்லாந்து அதில் இல்லை. எனவே சென்னையில் இருக்கும் தாய்லாந்து கான்சல் அலுவலகம் வரை போக வேண்டியிருந்தது. அசல் பட்டத்தை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு ரசீதை வைத்துக்கொண்டு இருப்பது மனசுக்கு நல்லதில்லை.

ஆனாலும் முத்திரைகளைவிட எங்களைப் படுத்தியது எங்கள் பெயர்கள்தான். இனிஷியல் போட்டு வாழும் நமக்கு சர்நேம் என்ற கட்டத்தில் எதையாவது நிரப்பியாக வேண்டும். என் பட்டத்தில் அப்பாவின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் அதே எழுத்து விரிந்து அப்பா பெயர் சர்நேமாக நிற்கிறது. வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டில் மாமாவின் பெயர். பிள்ளைகள் பாஸ்போர்ட்டில் வீட்டுக்காரர் பெயர். ஆக நாலு பேருக்கு மூன்று சர்நேம். பள்ளியின் அலுவலகப் பெண்மணி மிகுந்த மரியாதையோடு, இந்தப் பிள்ளைகள் உங்கள் இருவருக்கும் பிறந்தவர்கள்தானா என்று கேட்டு எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது வீட்டுக்காரர் சிரித்தார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "எவ அவ? நம்பரு குடு, நானே பேசறேன்" என்றார்.

இதில் எங்களைக் காப்பாற்றியது மாமாதான். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது. மொய் எழுதி முடித்து, போட்டோ ஆல்பமும் வந்தபிறகு ரிஜிஸ்டர் எதற்கு என்று எல்லோரும் சொன்னபோதும் அவர் விடாமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்ய வைத்தார். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். ஆனாலும் எத்தனையோ பேர் வெளிநாடு கிளம்பும்போதுதான் அந்தச் சான்றிதழைத் தேடுகிறார்கள். இருவர் பெயரும் இருவர் அப்பா பெயரும் இருக்கும் அந்த ஒரு தாளும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்த்து முத்திரை வாங்கியதும் அலுவலகப் பெண்மணி சமாதானமானார்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக வெளிநாடு போகிறவர், ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டுக்கு என்ஆர்ஐ. ஆகஸ்டில் பள்ளி தொடங்குவதால் இந்த நாள் கணக்கு ஆசிரியர்களுக்குத் தானாகவே ஒத்துவரும். வங்கிக் கணக்கை என்ஆர்ஓ, அதாவது என்ஆர்ஐ-க்கான உள்ளூர்க் கணக்கு என்று மாற்றிவிட்டுப் போக வேண்டும். மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இனி வீட்டுக்காரர். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கும் சரக்கு அனுப்புவதும் பார்த்துக்கொண்டிருந்தார். உறவினர் பட்டறைதான் என்றாலும் காலையில் போனால் இரவுதான் வருவார். ஆள்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, வேலை முடிந்து வரும் கொலுசை எடை போட்டு வாங்கி, சேதாரம் கழித்து, மொத்த வியாபாரிகளோடு போனில் மல்லுக்கட்டி என்று ஓயாத மனிதர். எனக்குக் கிடைத்தது வேலை விசா. அவருக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்தது என்னைச் சார்ந்தவர்கள் என்ற விசா. அதை வைத்துக்கொண்டு அங்கே வேலை செய்ய முடியாது. வேண்டுமென்றால் தனியாக ஒரு முதலாளி, தனியாக ஒரு அனுமதி, விசாவையும் மாற்ற வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை, நாங்கள் இந்த முகவரியில்தான் இருக்கிறோம் என்று குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிப்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

முதல் சில மாதங்கள் அவருக்கு எப்படிப் போயின என்பதை நான் முழுதாகச் சொல்ல முடியாது. நான் காலையிலேயே பள்ளிக்குப் போய்விடுவேன். பையனும் என்னோடு வந்துவிடுவான். சின்னவள் மட்டும் அவரோடு. சோறு வடிப்பது, துணி காயப்போடுவது, அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது. பூங்காவில் இருப்பவர்கள் எல்லோரும் அம்மாக்களும் ஆயாக்களும்தான். காய்கறிக்காரியிடம் விலை கேட்டுக் கேட்டே தாய்லாந்து பாஷையில் எண்களை முதலில் கற்றுக்கொண்டார். பட்டறைக்காரர் இல்லையா, எண் வந்ததும் பேரம் வந்துவிட்டது. மாலையில் நான் வரும்போது வீடு பளிச்சென்று இருக்கும், அவர் முகம் அப்படி இருக்காது.

ஊரிலிருந்து கேள்விகள் அவரிடம் நேராக வராது. என் அப்பாவிடம் போகும். "மாப்பிள்ளை அங்க என்னங்க பண்றாரு?" ஆடிப் பண்டிகைக்கு கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போன இடத்தில்கூட இதே கேள்வி கேட்டார்களாம். அப்பா என்ன பதில் சொன்னார் என்று இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. மனைவி வேலைக்காகக் கணவன் பெட்டி தூக்கினால் நம் ஊர் அதை ஒரு செய்தியாகவே பேசும். கணவன் வேலைக்காக மனைவி வங்கி வேலையை விட்டுவிட்டுப் போனால் அது செய்தியே இல்லை. என்னோடு அங்கே வேலை பார்த்த ஆண் ஆசிரியர்களின் மனைவிமாரில் பல் மருத்துவர் இருந்தார், வழக்கறிஞர் இருந்தார். அவர்களிடம் யாரும் "என்ன பண்றீங்க" என்றுகூடக் கேட்கவில்லை.

அவருக்கு ஒரு பிடி கிடைத்தது தமிழ்ப் பாடத்தில்தான். அது எங்கள் வகுப்புக் கணக்கிலிருந்து வந்தது. மூன்றாம் வகுப்பு முடித்துவிட்டுப் போன பையனை எட்டாம் வகுப்பில் திருப்பிக் கொண்டுவருவது என்று கிளம்பும் முன்பே இருவரும் பேசி வைத்திருந்தோம். ஏன் எட்டு? பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளையிடம் அதிகம் கேட்க மாட்டார்கள். வெளியே படித்திருந்தால் நேட்டிவிட்டி சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதுகூடச் சின்ன விஷயம், தாலுகா அலுவலகத்தில் வாங்கிவிடலாம். பெரிய விஷயம் பத்தாம் வகுப்பு. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் முதல் பாடம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையனை ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து விட்டுவிட்டு, செய்யுளும் இலக்கணமும் அவன் பாடு என்று சொல்ல முடியாது. எட்டில் வந்தால் பழகிக்கொள்ள அவனுக்குக் கொஞ்சம் காலம் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆண்டும் அவன் இங்கே இருந்திருந்தால் எந்த வகுப்போ அந்த வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இறக்கி, அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, சாயங்காலம் அப்பாவும் பையனும் உட்கார்ந்தார்கள். பட்டறையில் எடை பார்த்த கண் இங்கே ஒற்றும் புள்ளியும் பார்த்தது. வல்லினம் மிகும் இடத்தில் இவரே தடுமாறி ஊரில் தமிழாசிரியராக இருக்கும் நண்பருக்குப் போன் போடுவார். பாங்காக்கில் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், நண்பர் பள்ளி விட்டு வீடு வரும்வரை அந்தச் சந்தேகம் காத்திருக்கும்.

பையனின் வகுப்பு விஷயத்தில் இன்னொரு கூத்து. பிரிட்டிஷ் முறைப் பள்ளிகளில் ஐந்து வயதிலேயே இயர் ஒன் தொடங்கிவிடும். எனவே நம் நாலாம் வகுப்பு அங்கே இயர் ஃபைவ். அத்தை வீடியோ காலில் கேட்டார்: "நாலாவது படிக்காமலே அஞ்சாவதா? டபுள் ப்ரொமோஷனா?" ஊர் முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது. திரும்பி வந்து எட்டில் சேர்த்தபோது, "ஏன், ஒரு வருஷம் வேஸ்ட் பண்ணிட்டாங்களா?" என்று அதே ஊர் கேட்டது.

அவன் அங்கே பெற்றது நிறைய. வகுப்பில் எழுந்து நின்று பேசுவான், புரியவில்லை என்றால் புரியவில்லை என்பான், நூலகத்தில் விழுந்து கிடப்பான். பாங்காக்கின் சீலோம் பகுதியில் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலின் நவராத்திரி ஊர்வலத்தைத் தாய்லாந்து நண்பர்களோடு பார்த்துவிட்டு, அவர்களுக்கு நம் ஊர் ஆடிப் பண்டிகையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். இதற்கெல்லாம் விலை இல்லை. அதனால்தான் இறங்கிவருவது கஷ்டம். சக ஆசிரியர்கள் பலரும் முதல் ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவோம் என்றுதான் கிளம்பினார்கள். பிள்ளை ஐஜிசிஎஸ்இ-யில் நுழைந்ததும் இனி நடுவில் எடுக்க முடியாது என்றார்கள். அது முடிந்ததும் ஐபி டிப்ளமா. அதை இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்றுக்கொள்கிறது, கதவு மூடவில்லை. ஆனால் ஐபி-யின் மொத்தம் 45 மதிப்பெண்ணுக்காகக் கட்டுரையும் ஆய்வும் எழுதிப் பழகிய பிள்ளை, என்சிஇஆர்டி புத்தகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்த பிள்ளைகளோடு நீட் எழுத வேண்டும். என்ஐடிகளில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு டாசா என்ற வழி இருக்கிறது, கட்டணம் டாலரில். எனவே பிள்ளை வெளிநாட்டிலேயே கல்லூரிக்குப் போகும். அந்தக் கட்டணத்துக்காக அப்பா அம்மா இன்னும் ஓர் ஒப்பந்தம் போடுவார்கள். இலவசச் சீட் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடும், கட்டணம் மட்டும் தொடரும். இதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்து நன்றாக இருப்பவர்களும் உண்டு. தெரியாமல் அதற்குள் போய் மாட்டியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

திரும்பி வந்த ஆண்டில் முதல் இடி காலண்டர். அங்கே ஜூன் கடைசியில் பள்ளி முடிகிறது, இங்கே ஜூனிலேயே தொடங்கிவிடுகிறது. பையன் சேரும்போது முதல் பாடங்கள் ஓடியிருந்தன. இரண்டாவது, டி.சி. அந்தப் பள்ளியில் அப்படி ஒன்றே கிடையாது. லெட்டர்ஹெட்டில் எழுதி முத்திரை குத்தித் தரச் சொன்னபோது, பையன் ஏதாவது தப்பு செய்துவிட்டானா என்று கேட்டார்கள். நல்லவேளை, மூன்றாம் வகுப்பு வரை படித்த பையனுக்குப் பள்ளிக் கல்வித் துறை கொடுத்திருந்த பழைய எமிஸ் எண், பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் விவரம் நிற்கும் காமன் பூலில் உயிரோடு இருந்தது. புதிய பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

கணக்கில் அவனுக்குக் கஷ்டமில்லை, வேகம்தான் போதவில்லை. கால்குலேட்டர் இல்லாமல் வகுத்துப் பழக வேண்டியிருந்தது. தமிழில் முதல் தேர்வில் கையெழுத்து கோணல், கட்டுரை பாதியில் நின்றது, மதிப்பெண் சுமார். தமிழய்யா என்னைக் கூப்பிட்டு, "பரவாயில்லைங்க டீச்சர், உள்ளூர்ப் பசங்களே சந்தியில தப்பு விடறாங்க. இவன் கேட்டு எழுதறான்" என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்று முழுக்க அவர் நடையே வேறு மாதிரி இருந்தது.

சின்னவள் கதை வேறு. மூன்று வயதில் போனவள், சேலம் அவளுக்கு லீவில் வரும் ஊர். இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதா என்று கேட்டாள். கிளாஸில் இத்தனை பேரா என்றாள். அவளுக்கு எழுத்து விரைவாக வந்துவிட்டது. ஆனால் அந்த நாட்டை விட்டு வந்ததற்கு இன்னும் எங்களை மன்னிக்கவில்லை. பையனின் வகுப்பைத்தான் கணக்குப் போட்டோம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் வகுப்பு என்று ஒன்று கிடையாது. பெரியவனுக்குச் சரியான ஆண்டு சின்னவளுக்குச் சரியான ஆண்டாக இருக்கவில்லை.

இப்போது மறுபடியும் மலையில்தான் வேலை. எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவருக்கு வியட்நாமில் வேலை உறுதியாகி, ஒப்பந்தத்தின் நகலை என்னிடம் கொண்டுவந்தார். பென்சிலால் சில வரிகளின் கீழே கோடு போட்டேன். பிள்ளைக் கட்டணம் இலவசம் என்றால் பஸ், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், கட்டட நிதி என்று தனியாக வாங்குவதும் அதில் அடங்குமா? அந்தச் சலுகையையே வருமானமாகப் பார்த்து வரி போடும் நாடுகள் உண்டு. அந்த வரி யார் தலையில்? மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டுமா, சளி காய்ச்சலுக்கும் உண்டா? இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டால் விமானக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? அவர் மகள் இப்போது யுகேஜி. எட்டாம் வகுப்பு என்று வைத்தாலும் அவருக்கு நிறைய நேரம் இருக்கிறது. அவருடைய மனைவி சேலத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அங்கே அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். இன்னும் பேசவில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் அவரே வந்து, அந்தம்மா வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வர நினைப்பதாகச் சொன்னார். தாராளமாக வரட்டும், ஒப்பந்தத்தில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கட்டும் என்றேன். கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட இல்லைங்க டீச்சர், சார்கிட்டதான் ஏதோ கேக்கணுமாம்" என்றார்.